அதே அளவு, அதே கை. பட்டில் மட்டும் ஏன் பிசகுகிறது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள். பருத்தி ரவிக்கைகள் அளவாக வருகின்றன. அதே காகித வெட்டை வைத்து, தங்கையின் பட்டுச் சேலைக்கு லைனிங் கொடுத்து ஒரு ரவிக்கை தைத்தீர்கள். கல்யாணத்தன்று கச்சிதமாக இருந்தது. ஒரு முறை அலசியதும் கைக்குழியில் சுருக்கம் விழுந்தது, இடுப்புப் பட்டி மேலேறிவிட்டது, முதுகுத் தையலை ஒட்டிப் பட்டு இழைகள் விலகி லைனிங் தெரிகிறது. அடுத்ததாக ஜார்ஜெட்டில் தைத்த குடைவெட்டுக் குர்த்தியின் அடியோரம் அலை அலையாகத் தொங்குகிறது. இயந்திரத்தை மாற்ற வேண்டுமா, ஒவ்வொரு துணிக்கும் எந்த ஊசி, எப்படித் துவைப்பது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் தருவது எனக்கு எளிது. ஆனால் அதைச் சுவரில் ஒட்டிவைத்த பிறகும் இதே தவறு நடக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது, அளவும் மாறவில்லை, கையும் மாறவில்லை, பிறகு ஏன் பிசகுகிறது என்பதுதான். பெண்களுக்கான தையல் கடை வைத்து எனக்கு 28 ஆண்டுகள் ஆகின்றன. நெசவுத் தொழில்நுட்பம் படித்தவள் அல்ல. துணியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றவள். என் பதில்: இயந்திரத்தின் மேல் பழி இல்லை. உங்களுக்கு நடந்தவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். லைனிங் சுருங்கியது, பட்டு நழுவியது, ஜார்ஜெட் தொய்ந்தது. வகுப்பில் பெரும்பாலும் பாப்ளின் அல்லது டூ பை டூ என்ற பருத்தித் துணியில்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது பிழை பொறுக்கும் துணி. வெட்டு கொஞ்சம் சாய்ந்தாலும், ஊசி கொஞ்சம் தடித்தாலும் காட்டிக்கொடுக்காது. பட்டும் ஜார்ஜெட்டும் அப்படி மறைத்துக்கொடுக்காது.

சுருக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். ஆலையில் சாயம் போட்டு, கஞ்சி ஏற்றி, உருளைகளில் ஓட்டும்போது துணி நீளவாக்கில் இன்னும் இழுபடுகிறது. தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் பருத்தி, அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்குகிறது. சாதாரணப் பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது வழக்கம். 15 இஞ்ச் உயரமுள்ள ரவிக்கையில் 4 சதவீதம் என்றால் அரை இஞ்சுக்கும் சற்று மேல். மேலே இருக்கும் பட்டு அந்த அளவுக்குச் சுருங்கவில்லை, உள்ளே இருக்கும் லைனிங் சுருங்கிவிட்டது, இரண்டையும் ஒரே தையலில் பூட்டியிருக்கிறீர்கள். பட்டி மேலேறியதும் கைக்குழியில் சுருக்கம் விழுந்ததும் இதனால்தான். இதைத் தடுக்க ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான்ஃபோர்ட் க்ளூயட் 1930-இல் காப்புரிமை பெற்ற சான்ஃபரைசிங் முறை அது. மீட்டர் கணக்கில் வாங்கும் மலிவு லைனிங் துணியிடம் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரே கல்யாண வீட்டுக்கு ஏழு பட்டு ரவிக்கைகள். அவசரத்தில் லைனிங்கை நனைக்காமலே வெட்டினேன். ஒரு மாதம் கழித்து நான்கு ரவிக்கைகள் திரும்பி வந்தன. ஏழையும் பிரித்து, என் செலவில் புது லைனிங் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கடைக் கொடியில் எப்போதும் லைனிங் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

நனைப்பது என்றால் மேலே தண்ணீர் தெளிப்பது அல்ல. முழுத் துணியையும் மடிப்பு விரித்துப் பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். பிழியாமல் எடுத்து, நிழலில் அகலமாக விரித்துக் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே பாவு ஓடும் திசையில் இஸ்திரி போட வேண்டும். குறுக்கே இழுத்துத் தேய்த்தால் துணி கோணிப்போகும். தண்ணீர் பால்போலக் கலங்கி, காய்ந்த துணி சல்லடைபோல் ஆகிவிட்டால், நீங்கள் வாங்கியதில் பாதி கஞ்சி என்று பொருள். அதைப் பட்டுக்குப் போடாதீர்கள். சந்தேகமிருந்தால் துணியில் 10 இஞ்ச் சதுரம் வரைந்து, நனைத்து, உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். கால் இஞ்ச் குறைந்தால் இரண்டரை சதவீதம். பஞ்சாங்கம் பார்ப்பதைவிட இது நம்பகமானது. பட்டையும் ஜரிகையையும் மட்டும் இப்படி நனைக்காதீர்கள்.

சுருக்கத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு தவறு உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. கிராஸ் கட்டிங் ரவிக்கையில் மார்புப் பகுதியைத் துணியின் குறுக்குவாட்டில் வெட்டுகிறோம். பாவுக்கும், அகலவாக்கில் ஓடும் ஊடை நூலுக்கும் நடுவே, 45 டிகிரிச் சாய்வில்தான் துணி அதிகம் இழுபட்டு உடலோடு ஒட்டும். மேல் துணியை இப்படி வெட்டிவிட்டு, துணி மிச்சம் பிடிக்க லைனிங்கை மட்டும் நேராக வெட்டினால், ஒன்று இளகும், மற்றொன்று விறைத்து நிற்கும். மேல் துணி பொம்மிக்கொண்டு நிற்பதை அளவுப் பிழை என்று நினைத்து டார்ட்டை, அதாவது உடல் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையலை, பிடித்துக்கொண்டே போவார்கள். இரண்டும் ஒரே திசையில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ரவிக்கையின் லைனிங் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது முதுகுத் தையல். பருத்தி இழை ஏறக்குறைய ஓர் இஞ்ச் நீளமுள்ள குட்டை நார்களை முறுக்கி உண்டானது. நூலைச் சுற்றிலும் மெல்லிய ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும்; ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பட்டு அப்படியல்ல. ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறாமல் உருவப்படும் இழை அது. வழவழப்புதான் அதன் அழகு, தையற்காரருக்கு அதுதான் தொல்லை. தையலில் இழுவை விழும்போது நூல் அறுவதில்லை. பட்டு இழைகள் தையலை விட்டு வழுக்கி நகர்ந்துவிடுகின்றன. இன்று சாஃப்ட் சில்க் என்று விற்கும் மெல்லிய பட்டுகளில் இது அதிகம், கெட்டியாக நெய்த காஞ்சிபுரம் பட்டில் குறைவு. வெட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஓரத்திலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்து அரை இஞ்ச் தள்ளித் தைத்து, தையலின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து நன்றாக இழுத்துப் பாருங்கள். தையலோரம் ஏணிப்படிபோல் இழைகள் திறந்தால், அந்தத் துணியில் இறுக்கமான ரவிக்கை தைக்கக் கூடாது.

தைத்தே ஆக வேண்டும் என்றால், சுமையை லைனிங் தாங்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் லைனிங்கோடு சேர்த்துச் சுற்றிலும் கையால் ஓட்டித்தைத்து ஒரே துணிபோல ஆக்கிக்கொள்ளுங்கள். அப்படி ஓட்டும்போது பட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, தளர்வு கொடுங்கள். இழுபடும்போது லைனிங் முதலில் இறுகும், பட்டு பிழைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் உள்தையலுக்கு, அதாவது தையலுக்கு உள்ளே நிற்கும் மிச்சத் துணிக்கு, ஒரு இஞ்சாவது விடுங்கள், பிசிறாமலிருக்க ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் போடுங்கள். தையலை நெருக்கினால் உறுதி கூடும் என்று நினைப்பது தவறு. இஞ்சுக்கு 12 தையலே பட்டுக்குப் போதும். 18, 20 என்று நெருக்கினால் தபால்தலையைச் சுற்றித் துளையிட்டதுபோல் ஆகி, கிழிவதற்கு நாமே கோடு போட்டுக்கொடுத்ததாக முடியும்.

ஊசி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். வீட்டு இயந்திரங்களில் 16-ஆம் எண் ஊசி மாட்டியபடியே கிடக்கும். டெனிமுக்கும் கெட்டித் துணிக்கும் அது சரி. சாதாரணப் பருத்திக்கு 14, பட்டுக்கு 11, ஜார்ஜெட், ஷிஃபானுக்கு 9 அல்லது 11. டீ ஷர்ட், லெக்கின்ஸ் போன்ற பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர் ஊசி அதன் கண்ணிகளை அறுத்துவிடும், நான்கு சலவையில் ஓட்டை விழும். ஊசி முனை மழுங்கியிருக்கிறதா என்று அறிய, ஒரு ஜார்ஜெட் துண்டில் குத்தி இழுத்துப் பாருங்கள். இழை இழுபட்டுக் கோடு விழுந்தால் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சில ரூபாய் ஊசிக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பட்டில் கை வைக்கக் கூடாது. பட்டில் ஒருமுறை விழுந்த ஊசித்தடம் பெரும்பாலும் மறையாது. ஆகவே குண்டூசியை உள்தையல் பகுதியில் மட்டும் குத்துங்கள், கழுத்தைப் பிரித்துத் தைக்கும் சோதனைகளை எல்லாம் லைனிங்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மெழுகுச் சாக்பீஸால் பட்டில் குறி போடாதீர்கள். இஸ்திரிச் சூட்டில் உருகி எண்ணெய்க்கறைபோல் நின்றுவிடும்.

ஜார்ஜெட்டுக்கு வருவோம். அதன் நூலே அளவுக்கு மீறி முறுக்கப்பட்டது. வலமுறுக்கும் இடமுறுக்குமாக மாறி மாறி நெய்வதால்தான் அந்தச் சொரசொரப்பும் துள்ளலும். மேசையில் விரித்தால் ஓடும், மடித்து வெட்டினால் கீழ் மடிப்பு ஒரு பக்கமும் மேல் மடிப்பு ஒரு பக்கமும் போகும். செய்தித்தாளை மேசையில் ஒட்டி, அதன் மேல் துணியை ஒற்றையாக விரித்து, உள்தையல் பகுதியில் குத்தி, காகிதத்தோடு சேர்த்து வெட்டுங்கள். அச்சுமை ஒட்டும் என்று பயந்தால் பழுப்புத் தாள் போதும். தைக்கும்போதும் அடியில் காகிதக் கீற்று வைத்தால் இயந்திரப் பல் துணியை விழுங்காது; முடிந்ததும் கிழித்துவிடலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரக் காலடியின் மேல் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மெல்லியதாக ஒரு தையல், திருப்பி உள்ளிருந்து இன்னொரு தையல் என்று போட்டால் பிசிறு முழுதும் உள்ளே போய்விடும்.

அடியோரம் அலையாகத் தொங்குவதற்குக் காரணம் உங்கள் தையல் அல்ல, உங்கள் அவசரம். குடைவெட்டில் சுற்றளவின் சில இடங்கள் நேர் இழையிலும் சில இடங்கள் சாய்வான குறுக்கிலும் அமைகின்றன. குறுக்கில் விழும் பகுதி தன் எடையிலேயே நீளும். மேல்பகுதியை இணைத்த பிறகு, ஓரம் மடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நீள வேண்டியது நீண்டுவிடும். பிறகு அணிந்து நிற்கவைத்து, தரையிலிருந்து அளந்து, சமமாக நறுக்கி, ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பீக்கோவோ மெல்லிய மடிப்போ போடுங்கள். உங்கள் குர்த்தியை இப்போதும் காப்பாற்றலாம். ஓரத்தைப் பிரித்து, தொங்கவிட்டு, மறுபடி சமன் செய்யுங்கள். இரண்டு இஞ்ச் உயரம் போகும், அவ்வளவுதான்.

மெல்லிய பாலியஸ்டரில் நேர்த்தையல் சுருக்குகிறது என்றால் கையை நொந்துகொள்ள வேண்டாம். நெருக்கமான நெசவில் ஊசி நூலைத் திணிக்கும்போது இழைகளுக்கு ஒதுங்க இடமில்லை. பாவுக்கு இணையாக ஓடும் தையலில் இது மிகக் கூடுதல். மெல்லிய ஊசி, மெல்லிய நூல், சற்று நீண்ட தையல் என்று போனால் குறையும், முழுதும் போகாது. வெல்வெட்டுக்கு எல்லாத் துண்டுகளும் ரோமம் ஒரே பக்கம் படியும்படி வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ரவிக்கையில் இரண்டு நிறம் தெரியும். அதை எப்போதும் உள்பக்கத்திலிருந்து, அடியில் கனமான துண்டு விரித்துத் தேயுங்கள். ரேயான் பருத்தியைவிட அதிகமாகச் சுருங்கும், எனவே நனைக்காமல் வெட்டவே கூடாது. இன்னொன்று, பருத்தி ஈரத்தில் பலம் கூடும் துணி. ரேயானோ ஈரத்தில் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். ரேயான் நைட்டியை அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிபவர்கள், சீக்கிரம் கிழிந்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவரும்போது இதைத்தான் சொல்கிறேன்.

துவைப்பதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பருத்தி செடியிலிருந்து வந்தது, பட்டு பூச்சியிலிருந்து வந்தது. பட்டு நம் தலைமுடியைப்போலப் புரதம். சலவைச் சோப்பும் பவுடரும் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. பருத்திக்கு அது பொருட்டே இல்லை. பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தி வலுவும் சாயம் பிடிக்கும் தன்மையும் ஏற்றலாம் என்று 1844-லேயே இங்கிலாந்தின் ஜான் மெர்சர் கண்டறிந்தார். மெர்சரைஸ்டு என்று நாம் சொல்வது அவர் பெயரால்தான். அதே காஸ்டிக் சோடாக் கரைசலைச் சூடாக்கிப் பட்டைப் போட்டால் பட்டு கரைந்தே போகும். வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச்சிங் திரவமும் பட்டைத் தின்றுவிடும். ஆகவே பட்டு ரவிக்கைக்குப் பூந்திக் கொட்டை ஊறிய தண்ணீரோ, மென்மையான ஷாம்பு சில துளியோ கலந்த பச்சைத் தண்ணீர் போதும். ஊறவைக்காதீர்கள், பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து நிழலில் போடுங்கள். அதைவிட முக்கியம், அணிந்து கழற்றியதும் வியர்வை காயாமல் அலமாரிக்குள் மடித்து வைக்காமலிருப்பது. அக்குளில் பட்டு நைவது வியர்வையாலும் அதன் உப்பாலும்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி ஓர் இரவு காற்றாட விடுங்கள். அக்குளில் இணைத்துக் கழற்றும்படி ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்தால் ரவிக்கையின் ஆயுள் நன்றாகவே கூடும்.

கடைக்காரர் பட்டு என்று சொன்னது பட்டுதானா என்று தெரியவில்லையெனில், இரண்டு மூன்று நூல்களைப் பிரித்தெடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, விரலில் பொடியாகும் கரியாகும். பருத்தியும் ரேயானும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பாவு பட்டும் ஊடை பாலியஸ்டருமாகக் கலந்து நெய்ததும் சந்தையில் உண்டு, எனவே இரண்டு திசை நூலையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் இஸ்திரியில் இரண்டு புள்ளிச் சூட்டுக்கு மேல் போகாதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. இனி வருவனவற்றை அந்த உறுதியோடு சொல்லமாட்டேன். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மை, ஆனால் அது சாயம் துணியில் ஏறுவதற்கு. ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை வீட்டில் உப்பு பிடித்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஈர வெள்ளைத் துணியை மூலையில் வைத்து இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத்தான் அலச வேண்டும். வேப்பிலை, கிராம்பு பூச்சியை விரட்டும் என்பதை நம்புவோர் நம்பட்டும், கெடுதல் இல்லை. நாஃப்தலின் உருண்டை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கைக்குழந்தையின் துணிகளோடு அதை வைக்காதீர்கள். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியாலேயே இரத்த அணுக்கள் சிதையக்கூடும். கஞ்சி போட்ட பருத்திச் சேலையை மாதக்கணக்கில் மடித்து வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. நீண்ட நாள் வைப்பதானால் கஞ்சியை அலசிவிடுங்கள். ஜரிகைப் பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், ஜரிகை அந்தக் கோட்டிலேயே பட்டை அறுத்துவிடும். ஜரிகை கறுப்பது, வெள்ளிக் கம்பி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்வதால். அதை எலுமிச்சையாலோ பற்பசையாலோ தேய்த்தால் கறுப்போடு தங்கப் பூச்சும் போய்விடும்.

தங்கையின் ரவிக்கையை நேரில் பார்க்காமல் முழுத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் இந்த வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் இடுப்புப் பட்டியைப் பிரியுங்கள். லைனிங்கைப் பட்டிலிருந்து விடுவித்துத் தட்டையாகப் பரப்பினால் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். அரை இஞ்சுக்குள் என்றால் பட்டியில் லைனிங்குக்கு ஒட்டுப்போட்டு நீட்டி மறுபடி பூட்டலாம். அதற்கு மேல் என்றால் நனைத்த புது லைனிங்தான். முதுகில் இழை விலகிய இடத்தில், விலகிய பகுதி முழுதும் உள்தையலுக்குள் போகும்படி கால் இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்து, அந்த அளவைப் பக்கவாட்டு உள்தையலிலிருந்து விட்டுக்கொடுங்கள். அதற்கு முன் விலகிய இடத்தில் ஓர் இழையை நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை முழுசாக வந்தால் பட்டு நன்றாக இருக்கிறது, நழுவியது மட்டுந்தான். தொட்டதும் பொடிப்பொடியாக அறுந்தால் பட்டே நைந்துவிட்டது, அதில் எந்தத் தையலும் நிற்காது. அப்படியானால் ரவிக்கையின் கைகளில் இருக்கும் ஜரிகைக் கரையை மட்டும் பத்திரமாக வெட்டியெடுத்து, அதே நிறத்தில் வேறு துணி வாங்கி, அதன் கைகளில் இந்தக் கரையை வைத்துத் தையுங்கள். கரையின் நிறத்தோடு துணி பொருந்துகிறதா என்பதைக் கடை விளக்கில் பார்க்காமல், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.